கார்த்திகாவுக்கு மைண்ட்செட் சரியில்லையாம்

1

என் செல்போனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்காமலேயே பழைய படங்களைத் தேடியெடுத்து முன்னால் நீட்டும். போன வாரம் வேலைக்குக் கிளம்பிப் பேருந்துக்காக நின்றிருந்தபோது அப்படி ஒன்றை நீட்டியது. இங்குள்ள நகராட்சி மண்டபத்தில் எடுத்த படம். பட்டுச்சேலை கட்டி, குளிருக்கு அதன்மேல் கோட்டும் மாட்டி, ஜெர்மன் குடியுரிமைச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன்.

அந்தக் காகிதத்துக்காக அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் என் பெயரை ஆளுக்கு ஒரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். மூன்றும் ஒரே தமிழரசிதான் என்று நிரூபிக்கவே ஒரு குளிர்காலம் போய்விட்டது. குடும்பப் பெயர் என்ன என்று அலுவலகத்து அம்மாள் கேட்டார். எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது என்றேன். இல்லாமல் எப்படி இருக்கும் என்றார். கடைசியில் அந்தக் கட்டத்தில் என் அப்பாவின் பெயரைப் போட்டார்கள். அன்றிலிருந்து வேலையிடத்திலும் மருத்துவமனையிலும் நான் திருமதி குருசாமி.

சொல்ல வந்தது அதுவல்ல. இந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. காரணம், இதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட அன்றைக்கே ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். வாழ்த்து ஒரு வரியில் முடிந்தது. அடுத்த வரி இது:

“ஆத்தா, இனிமே நீ அந்த ஊருக்காரி ஆயிட்ட. நம்ம கார்த்திகாவை அங்கன கூப்பிட்டுக்கிற வேண்டியதுதான்.”

கார்த்திகா வர ஆசைப்படுகிறாளா என்று கேட்டேன். அவளிடம் என்ன கேட்பது என்றார்.

2

பாண்டி அண்ணன் எனக்கு நேர் மூத்தவர். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை அண்ணன்தான் பார்க்கிறார். பன்னீர்த் திராட்சை. அவருக்கு ஒரே பிள்ளை கார்த்திகா.

அந்தப் பிள்ளையை அவர் வளர்த்த விதத்தை, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே தோட்டம்தான். கொடிக்குக் கவாத்து வெட்டுகிற இடத்தில் நிறுத்துவார், மருந்து கலக்குகிற இடத்தில் நிறுத்துவார். குமுளி வழியாக வருகிற கேரளத்து வியாபாரிகளிடம் அவளையே பேச விடுவார். ஒரு முறை மழையைக் காரணம் காட்டி ஒரு வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டார். பள்ளிச் சீருடையோடு வரப்பில் உட்கார்ந்திருந்த கார்த்திகா, “வேண்டா சேட்டா, நாளெ வேறெ ஆளு வரும்” என்றாள். அந்த மனிதர் சிரித்துவிட்டு அவள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டார். அண்ணன் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். இவள் பொம்பளைப் பிள்ளை இல்லை, எனக்கு இவள் ஆம்பளைப் பிள்ளை என்பார். விவரமான பெண்ணைப் பாராட்ட அவளை ஆணாக்க வேண்டுமா என்று அப்போதே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் மனதுக்குள் பெருமைதான். எங்கள் வீட்டில் ஒரு பெண் யாருக்கும் பயப்படாமல் வளர்கிறாள் என்ற பெருமை.

கார்த்திகா பி.காம். முடித்தாள். அடுத்து என்ன என்று வீட்டில் கேட்டார்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பாதி இடத்தில் விதையில்லாத ரகம் வைக்கலாம், விலை இறங்கும் நாட்களில் உலர்த்தி விற்கலாம் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

அன்றைக்கு வீடு தலைகீழானது. தோட்டத்தில் நிற்கிற பிள்ளையை எவன் கட்டுவான் என்று அண்ணி அழுதார். விவசாயம் பார்க்கிற ஆம்பளைக்கே பெண் கிடைக்காத ஊரில், விவசாயம் பார்க்கிற பெண்ணுக்கு யார் வருவார் என்றார் அண்ணன். அதுவரை துணிச்சல் என்று சொல்லப்பட்டது அன்றிலிருந்து திமிர் ஆனது. வியாபாரியிடம் அவள் வாய் திறந்தால் அது கெட்டிக்காரத்தனம். அதே வாயை அப்பாவிடம் திறந்தால் வளர்ப்பு சரியில்லை. பிள்ளை மாறவே இல்லை. அவள் தனக்காகப் பேச ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

3

மதுரையில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தார் அண்ணன். பெயர் வேண்டாம். ஜெர்மனியில் நர்சிங் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். முதலில் மதுரையிலேயே தங்கி ஜெர்மன் படிக்க வேண்டும், ‘பி ஒன்’ தேர்வு எழுத வேண்டும், பிறகு விசா. கார்த்திகா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஏஜென்சிக்காரர் எதிரே உட்காரவைத்துப் பேசினாராம். பேசி முடித்து அண்ணனைத் தனியே அழைத்து, பிள்ளைக்கு அறிவு இருக்கிறது, ஆனால் மைண்ட்செட் சரியில்லை என்றாராம். அதை மாற்றுவதற்கென்றே அவர்களிடம் வாரம் ஒரு வகுப்பு உண்டாம். அண்ணன் அவளை அங்கேயே சேர்த்துவிட்டார்.

அண்ணன் இதை என்னிடம் சொன்னபோது, டாக்டர் நோயைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி அவர் குரலில். “மைண்ட்செட்டை மாத்திட்டா எல்லாம் சரியாப் போயிருமாம்ல?”

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதித் தீர்க்க முடியாது. பிள்ளைகளின் மனதைப் பற்றி அந்த ஏஜென்சிக்காரருக்கு என்ன தெரியும்? சம்மதிக்கிற பிள்ளைக்கு நல்ல மைண்ட்செட், சம்மதிக்காத பிள்ளைக்குக் கெட்ட மைண்ட்செட். இதற்கு ஒரு வகுப்பு, மேடை, மைக், கைதட்டல். அந்த வகுப்பில் வெற்றி பெற்றவர்களின் படங்களைச் சுவரில் காட்டுவார்களாம். அதில் என் படத்தையும் சேர்த்திருந்தார்கள் என்று கார்த்திகா சொன்னாள். அண்ணன் கொடுத்தாராம். பட்டுச்சேலையும் கோட்டும் போட்ட அதே படம்.

நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். நடக்க முடியாதவர்களைத் தூக்கி உட்காரவைக்கிறேன், குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன். நானாகத் தேடிக்கொண்ட வேலை, எனக்குப் பிடித்த வேலை. பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். வடுகபட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இதேபோல ஒரு ஏஜென்சி வழியாக எங்கள் இல்லத்துக்கு வந்தாள். உடை மாற்றுகிற அறையில் சுவரைப் பார்த்து நின்று அழுவாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவாள். ஊருக்குத் திரும்பிப் போ என்றால், போனால் வீட்டில் தலை நிமிர முடியாது அக்கா என்பாள். ஒருநாள் ஒரு தாத்தாவின் கையை முரட்டுத்தனமாகப் பிடித்து இழுத்துவிட்டாள். இழுத்துவிட்டு அவளே அலறினாள். அந்தக் கிழவர் கையைத் தடவிக்கொண்டார். அந்த இரண்டு பேரில் யாருக்காக வருத்தப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ மட்டும் போயி நல்லா இருப்ப, எம்பிள்ளை வரக்கூடாது. அப்படித்தானே?” என்றார்.

4

அந்த வாரமே எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது.

என் மகள் நிலாவுக்கு இங்கே பிறந்த தமிழ். பசிக்கிறது என்று சொல்லமாட்டாள். “அம்மா, என்கிட்ட பசி இருக்கு” என்பாள். ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், பசியை வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது சோறு போட்டுவிடுகிறேன்.

அவள் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து சில நாட்கள் எங்காவது போய் வேலை பார்த்துப் பழக வேண்டும். இடத்தை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். அவள் வகுப்புத் தோழி பல் மருத்துவரிடம் போகிறாள். நிலா சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

என் கணவர் செல்வம் போடிக்காரர். கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் பொறியாளர். அண்ணனின் ஏஜென்சிக் கதையைக் கேட்டு என்னைவிட அதிகமாகக் கொதித்தவர் அவர்தான். நிலா சைக்கிள் கடை என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று என்னைக் கேட்டார். பிறகு நிலாவின் பக்கம் திரும்பி, உன் மைண்ட்செட்டே சரியில்லை என்றார்.

அதே வார்த்தை. நான் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தேன். நிலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழில் சொல்லத் தெரியாமல் ஜெர்மனில் சொன்னாள்: சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை, ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கப் போவதாக நான் சொல்லவில்லையே என்று. செல்வம் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார். கார்த்திகா விஷயத்தில் அவர் பேசிய நியாயமெல்லாம் அண்ணன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

நிலா அந்தக் கடைக்குப் போனாள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு, சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். செல்வம் தன் சைக்கிளின் பிரேக்கை அவளிடம் சரிபார்க்கக் கொடுத்தார். அது மன்னிப்பா, சோதனையா என்று நான் கேட்கவில்லை.

5

அந்த வருஷக் கோடை விடுமுறைக்கு நானும் நிலாவும் ஊருக்குப் போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே தேர்வு முடிவு வந்திருந்தது. கார்த்திகா ‘பி ஒன்’ தேறிவிட்டாள். அவளோடு எழுதியவர்களில் பலர் தேறவில்லை. வியாபாரிகளின் பேச்சைக் கேட்டே மலையாளம் பிடித்துக்கொண்டவளுக்கு இன்னொரு மொழி பெரிய காரியமாக இருக்கவில்லை.

அண்ணன் வீட்டில் கறிவிருந்து. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஏஜென்சிக்காரர் போனிலேயே வாழ்த்துச் சொன்னார். மைண்ட்செட் வகுப்பு வேலை செய்திருக்கிறது என்று அண்ணன் என்னிடம் குத்திக் காட்டினார். நானும் குழம்பித்தான் போனேன். ஒருவேளை அவளுக்கே ஆசை வந்துவிட்டதோ என்று நினைத்தேன். கார்த்திகா நிலாவிடம் ஜெர்மனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

விருந்து முடிந்து வெளியாட்கள் போன பிறகு, வீட்டு ஆட்கள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். விசாவுக்கு எப்போது போக வேண்டும் என்ற பேச்சை அண்ணன் ஆரம்பித்தார். கார்த்திகா தரையில் உட்கார்ந்து மிச்சமிருந்த வாழை இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்.

“நான் போகலப்பா.”

யாருக்கும் முதலில் புரியவில்லை. அண்ணன் சிரித்தார். “என்னத்தடி போகல?”

“ஜெர்மனிக்கு. நான் போகல.”

“அப்ப எதுக்கு இத்தனை நாளு படிச்ச?”

“தோத்துட்டு மாட்டேன்னா, முடியாமத்தான் அப்படிச் சொல்றேன்னு பேசுவீக. அதான் பாஸாகிட்டுச் சொல்றேன். முடியுமா முடியாதான்னு கேட்டீகல்ல, முடியும். அது வேற. போறது போகாதது வேற.”

அவள் குரல் உயரவில்லை. இலைகளைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் ஓதிவிட்டேன் என்றார். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றார். அவள் சொல்லப் போவது எனக்கே தெரியாது என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. ஒரு பெண் தானாகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருப்பாள் என்பதை நம்ப அந்தக் கூடத்தில் யாரும் தயாராக இல்லை. யாரோ கெடுத்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒருவன் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியையும் அண்ணி கேட்டார். கார்த்திகா இலைக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

6

நான் ஊரில் இருக்கும்போதே அண்ணன் தோட்டத்தைக் கம்பத்துக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார். விடவேண்டிய தேவை எதுவும் இல்லை. பிள்ளை நிற்க இடம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மோட்டார் ரூம் சாவியை அந்த ஆளிடம் கொடுத்தபோது கார்த்திகா கொஞ்சம் தள்ளி நின்றாள். எந்த வால்வு இறுக்கமாக இருக்கும், எந்தப் பக்கம் பந்தல் தாழ்ந்திருக்கிறது என்று அந்த ஆளுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள். அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அழுது முடங்குவாள், பிறகு விசாவுக்குச் சரி என்பாள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அவள் ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தைக் கண்டுபிடித்தாள். பார்க்க ஆள் இல்லாமல் புதர் மண்டிய திராட்சைத் தோட்டம். சொந்தக்காரம்மாள் வயதானவர், தனியாக இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அந்த அம்மாளுக்குச் சம்மதம். இத்தாலியில் இருக்கும் மூத்த மகன்தான் தயங்கினார். என்னைப் பேசச் சொன்னாள் கார்த்திகா. பேசினேன். மரியாதையான மனிதர். ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்கு வந்தார்.

“அந்தப் பிள்ளைக்கு ஆம்பளைத் துணை யாரும் இருக்காகளா?”

“உங்க அம்மாவுக்கு இருக்காகளா?” என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். கேட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன். என் அம்மாவும் கடைசிக் காலத்தில் நான் பக்கத்தில் இல்லாமல்தான் இருந்தார். மறுநாள் அவரே கூப்பிட்டு, குத்தகைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

முதல் விளைச்சலை மழை தின்றது. இலையில் செவட்டை நோய் விழுந்து, பிஞ்சு கருகிக் கொட்டியது. கார்த்திகா எனக்குப் போன் செய்து பேச முடியாமல் அழுதாள். இந்தப் பக்கம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய்விடு என்று சொல்ல அவளுக்கு வேறு தோட்டமும் இல்லை. அழுது முடித்து, மீதி இருக்கிற கொடியையாவது காப்பாற்ற வேண்டும், மருந்தடிக்க ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்தச் சமயத்தில் அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து, நான் அப்பவே சொன்னேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். சொந்தப் பிள்ளை விழுந்ததில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு திருப்தி வருமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அடுத்த விளைச்சல் கைக்கு வந்தது. பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆட்களுக்குக் கூலி கொடுத்தாள், அந்த அம்மாளுக்குக் குத்தகை கொடுத்தாள், அடுத்த கவாத்துக்குக் கையில் கொஞ்சம் நின்றது. முன்பு அவளோடு பேரம் பேசிய வியாபாரிகளே தேடி வந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, தோட்டத்தை விட்டுவிடச் சொன்னார்கள். அவர்கள் போய்விட்டார்கள். அண்ணி இன்னும் அழுகிறார். அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளையின் மனதை வாரம் ஒரு வகுப்பில் யாரும் மாற்றித் தருவதில்லை. சின்ன வயதிலிருந்து எதற்கெல்லாம் தட்டிக் கொடுத்தோமோ, எதைப் பார்த்து ஊரெல்லாம் பெருமையடித்தோமோ, அதுதான் மனதாக வளர்ந்து நிற்கிறது. நிமிர்ந்து பேசக் கற்றுக் கொடுத்துவிட்டு, நம் முன்னால் மட்டும் குனி என்றால் அந்தப் பிள்ளை எங்கே போவாள்? என் படத்தை எந்தச் சுவரிலும் காட்டாதீர்கள். நான் இங்கே வந்தது எனக்காக. அடுத்த வீட்டுப் பிள்ளையை அடிக்க என்னைக் கம்பாக எடுக்காதீர்கள்.

7

கம்பத்துக்காரரின் குத்தகை முடிந்துவிட்டது. அவர் எருப் போடவில்லை, சாய்ந்த பந்தலைத் தூக்கிக் கட்டவில்லை. எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரொம்ப நாளாக என்னோடு பேசாமல் இருந்த அண்ணன் இரண்டு வாரத்துக்கு முன் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். நிலாவைக் கேட்டார். பிறகு, நீ சொன்னால் கார்த்திகா கேட்பாள், திரும்பி நம்ம தோட்டத்துக்கே வரச் சொல்லு என்றார்.

“அவகிட்ட நீங்களே கேளுங்கண்ணே.”

“மாட்டேன்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும்.”

நாலைந்து நாள் தயங்கி, கேட்டிருக்கிறார். கார்த்திகா வருகிறேன் என்றாளாம். ராயப்பன்பட்டித் தோட்டத்தையும் விடமாட்டாளாம். கம்பத்துக்காரருக்கு எழுதிக் கொடுத்த மாதிரியே தன் பெயருக்கும் குத்தகைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

நேற்று அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. பெற்ற அப்பனிடமே பத்திரம் கேட்கிறாள் என்றார். அந்நியனுக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டவர், சொந்த மகளுக்குப் போடுவதை அவமானம் என்கிறார். போட்டீர்களா என்று கேட்டேன். போடவில்லையாம். அவளும் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லையாம். கவாத்து வெட்டுகிற நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறதாம். நயமாகச் சொல்லிப் பார்த்தாராம், சத்தம் போட்டும் பார்த்தாராம். அவள் எழுதிக் கொடுங்கள் என்பதைத் தவிர வேறு பேசுவதே இல்லையாம்.

கடைசியில், உண்மையாகவே விளங்காத குரலில், என்னிடம் கேட்டார்.

“ஏ ஆத்தா, இம்புட்டுப் பிடிவாதத்தை இவ எங்கன போயிக் கத்துக்கிட்டா?”